ஆழம் தெரியாமல் காலை விடாதே: காற்பந்தும் கையெழுத்தும்

(காஜாங்கில் பெற்றோர்களுக்கும் இளம் ஆட்டக்காரர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கறிஞர் வந்திருக்கிறாரே, கோயில் நிலப் பிரச்சினையா, வீட்டுப் பிரச்சினையா என்று சிலர் வாசலிலேயே கேட்டீர்கள். இன்று நான் பேச வந்தது காற்பந்தைப் பற்றி. சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் 12, 13 வயதுப் பையன் இருந்தால் இது உங்கள் குடும்பத்தின் பிழைப்புப் பிரச்சினை. படிப்பு ஏறவில்லை, பந்து மட்டும் ஏறுகிறது என்று சொல்லும் தாய்மார்கள் எத்தனை பேர்? "என் மகனை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்று ஒருத்தர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா சார்?" என்று கேட்கும் அப்பாக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். காற்பந்தில் ஒருவனை மேலே கொண்டுபோவது அவன் கால். அவனைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் காகிதம். நம்மவர்களுக்குக் காலில் குறையில்லை. காகிதத்தில்தான் ஏமாறுகிறோம்.

நம்மிடம் திறமை இல்லையா?

முதலில் நம் கதையைப் பார்ப்போம். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்த ஆர். ஆறுமுகத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீண்ட கைகளால் பந்தைப் பிடித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற தலைமுறையின் கோல் காவலர் அவர். ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. திடலில் வென்றதை அரசியல் பறித்துக்கொண்டது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது அவருக்கு வயது 35. 2016-ல் 'ஓலா போலா' திரைப்படம் வந்தபோதுதான் நம் பிள்ளைகளில் பலர் அந்தத் தலைமுறையைப் பற்றியே தெரிந்துகொண்டார்கள்.

அவரோடு நின்றுவிடவில்லை. முன்னாள் தாக்குதல் ஆட்டக்காரர் கே. ராஜகோபால் பயிற்றுநராகி, 2009-ல் சீ விளையாட்டுத் தங்கத்தையும் 2010-ல் ஆசியான் நாடுகளின் சுசுகி கிண்ணத்தையும் மலேசியாவுக்கு வாங்கிக் கொடுத்தார். திறமை இல்லை என்று யாராவது சொன்னால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

ஆறுமுகம் காலத்தில் ஆட்டக்காரர்கள் ஏதாவது ஒரு நிறுவனத்திலோ அரசாங்க இலாகாவிலோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பந்து விளையாடினார்கள். காற்பந்து பெயரைக் கொடுத்தது, வேலை சோற்றைப் போட்டது. 1989-ல் பகுதிநேரத் தொழில்முறை லீக்கும், 1994-ல் முழுத் தொழில்முறை லீக்கும் வந்தன. அன்றிலிருந்து காற்பந்தே சோறு. வேலை என்று வந்தால் முதலாளி உண்டு, ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தம் என்று வந்தால் ஏமாற்றும் உண்டு.

பெர்லிசுக்கு வந்த நைஜீரியர்

இப்போது நைஜீரியாவுக்குப் போவோம். ஏன் நைஜீரியா என்று கேட்பீர்கள். நம்மைப் போலவே பிரிட்டிஷ்காரன் ஆண்ட நாடு. அங்கேயும் ஏழை வீட்டுப் பையனுக்கு மேலே வர ஒரு வழி பந்து. ஆனால் அவர்கள் ஐரோப்பாவுக்கு வழி கண்டுபிடித்தார்கள். அந்த வழியில் பட்ட அடிகளில் இருந்து நாம் பாடம் படிக்கலாம்.

ஸ்டீபன் கேஷி என்ற பெயரை நினைவில் வையுங்கள். 1985-ல் நைஜீரியக் காற்பந்து சங்கம் அவரைத் தடை செய்தது. அவர் வீட்டில் உட்கார்ந்து அழவில்லை. ஐவரி கோஸ்ட் நாட்டுக்குப் போய் விளையாடினார். அங்கிருந்து பெல்ஜியத்தின் லோக்கெரன், பிறகு பெரிய குழுவான அண்டர்லெக்ட். அங்கே பெல்ஜியக் கிண்ணமும் 1991-ல் லீக் பட்டமும் வென்றார். அடுத்து பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க். அவருக்குப் பின்னால் நைஜீரிய இளைஞர்கள் வரிசையாக ஐரோப்பாவுக்குப் போனார்கள். கதவைத் திறந்து வைத்தவர் அவர்தான் என்று அந்த நாட்டில் இன்றும் சொல்வார்கள். 1994-ல் ஆப்பிரிக்கக் கிண்ணம் வென்ற நைஜீரியக் குழுவின் தலைவரும் அவரே.

அப்படிப்பட்டவர் தம் ஆட்ட வாழ்க்கையை எங்கே முடித்தார் தெரியுமா? நம் பெர்லிஸ் மாநிலக் குழுவில், 1997-98-ல்! ஐரோப்பாவில் பட்டம் வாங்கியவர் கங்காரில் விளையாடினார். இதில் கேவலம் ஒன்றுமில்லை. காற்பந்து வாழ்க்கை இப்படித்தான். 20 வயதில் ஏறும், 30 தாண்டினால் இறங்கும். இறங்கும்போது கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. கேஷியின் கையில் பயிற்றுநர் தொழில் இருந்தது. 2013-ல் பயிற்றுநராக அதே ஆப்பிரிக்கக் கிண்ணத்தை நைஜீரியாவுக்கு மறுபடி வென்று கொடுத்தார். ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் அதை வென்றவர்கள் அப்போது எகிப்தின் மஹ்மூத் எல்-கோஹரியும் அவரும் மட்டுமே. 2016 ஜூனில் காலமானார்.

இரண்டு கையெழுத்து, ஒரு பையன்

கேஷி வென்ற அந்த 2013 குழுவின் நடுக்கள ஆட்டக்காரர் ஜான் ஓபி மிக்கேல். இவர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது முழுக்க முழுக்கக் காகிதத்தின் கதை.

முதலில் பெயர். அவருடைய பெயர் மைக்கேல். 2003-ல் பின்லாந்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது நைஜீரியச் சங்கம் தவறாக 'மிக்கேல்' என்று எழுதிவிட்டது. அவர் அதையே வைத்துக்கொண்டார். உலகமே அவரை இன்று அந்தப் பெயரில்தான் அறியும். நமக்கு இது புதிதா? அப்பாவின் அட்டையில் முனுசாமி, மகனின் பிறப்புப் பத்திரத்தில் முனியசாமி. தோட்டத்துக் கிராணி எழுதியதுதான் பெயர், அவர் போட்டதுதான் பிறந்த நாள். மிக்கேல் பிரபலமானதால் அந்தப் பிழை ஒரு சுவையான கதையாகிவிட்டது. நம் வீட்டில் அதே பிழை நடந்தால் பதிவு இலாகா வாசலில் பத்து நாள் சம்பளம் போகிறது.

அடுத்து ஒப்பந்தம். நார்வேயின் ஓஸ்லோவில் லின் என்ற குழுவில் இருந்தார். 2005 ஏப்ரல் 29-ல் மென்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கிவிட்டதாக அறிவித்தது. அவருக்கு 18 வயது முடிந்து ஒரே வாரம்! முகவர் பக்கத்தில் இல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தார். செல்சி குழுவோ, எங்களோடு முன்பே பேச்சு முடிந்துவிட்டது என்றது. பையன் ஓஸ்லோவில் இருந்து காணாமல் போனார், லண்டனில் தெரிந்தார். என்னை வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்றார். மென்செஸ்டரும் லின்னும் மறுத்தன. ஃபிஃபா தலையிட்டது. லின் குழுவுக்கே திரும்பிப் போ என்றது. ஓராண்டுக்கும் மேல் இழுபறி. கடைசியில் 2006 ஜூனில் சமரசம்: செல்சி மென்செஸ்டருக்கு 1 கோடியே 20 லட்சம் பவுன், லின்னுக்கு 40 லட்சம் பவுன் கொடுத்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். செல்சியில் பத்தாண்டு, 2012-ல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் பட்டம், 2016 ரியோ ஒலிம்பிக்கில் குழுத் தலைவராக வெண்கலம், 2022-ல் ஓய்வு.

இந்தக் கதையை ஒரு வழக்கறிஞனாகப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. 2005-ல் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் மெஸ்ஸிக்கு அடுத்த சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர் மிக்கேல். அவ்வளவு பெரிய திறமைக்கே ஒரு கையெழுத்தால் ஓராண்டு கட்டிப்போட்டது. அவரை மீட்க 1 கோடியே 60 லட்சம் பவுன் கொடுக்க ஒரு பணக்காரக் குழு இருந்தது. உங்கள் மகனை மீட்க யார் இருக்கிறார்?

நம் ஊரில் நடப்பது

ஐரோப்பாவை விடுங்கள், இங்கே பாருங்கள். 2022 கடைசியில் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டு குழுக்களுக்கும் சம்பள பாக்கியால் அடுத்த பருவத்துக்கு உரிமம் மறுக்கப்பட்டது. 2025-ல் கெடா குழுவுக்கும் அதே கதி. நம் இந்திய இளைஞர்களுக்கு வாய்ப்புத் தர மீஃபா உருவாக்கிய குழு 2019-ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாற்றி சூப்பர் லீக்கில் ஆடியது. உள்ளூர் ஆட்டக்காரர்களை நம்பியே களமிறங்கிய குழு அது. 2022 பருவத்தோடு அதுவும் விலகிக்கொண்டது. அந்த வாசல் மூடியபோது எத்தனை பையன்கள் வேறு குழு தேடி அலைந்திருப்பார்கள், சிந்தித்துப் பாருங்கள்.

என்னிடம் வந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் வேண்டாம், குழுவும் வேண்டாம். அப்பா லோரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. 21 வயதில் ஒரு குழு கூப்பிட்டது. கார் நிறுத்துமிடத்தில் வைத்து ஒப்பந்தத்தை நீட்டினார்கள். "கடைசிப் பக்கத்தில் மட்டும் போடு தம்பி, மற்றது எல்லாருக்கும் ஒன்றுதான்." போட்டான். நகல் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் சம்பளம் வந்தது, அடுத்த மூன்று மாதம் வரவில்லை. சேமநிதிக் கணக்கைப் பார்த்தால் ஒரு காசு இல்லை. கேட்டால், "நீ ஒப்பந்தக்காரன், உனக்குச் சேமநிதி கிடையாது" என்றார்கள்.

அவனைக் காப்பாற்றியது ஒரே ஒரு காரியம். கையெழுத்துப் போட்ட சந்தோஷத்தில் அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தான்! அந்தப் படத்தில் மாதச் சம்பளமும், சேமநிதி கட்டப்படும் என்ற வரியும் தெளிவாக இருந்தன. அதை வைத்துத்தான் கடிதம் எழுதினோம். முழுப் பணம் வரவில்லை. தவணையாகப் பாதிக்கு மேல் வந்தது. படம் இல்லையென்றால் அதுவும் இல்லை.

சட்டம் உங்கள் பக்கம் எங்கே இருக்கிறது?

இனி நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சம்பள பாக்கி. ஃபிஃபா விதிகளில் 2018-ல் 14 பிஸ் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். குழு இரண்டு மாதச் சம்பளத்தை முறைகேடாக நிறுத்தினால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அப்போதும் கட்டவில்லை என்றால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள நியாயமான காரணம் உண்டு. கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் இருப்பது தவறு. அப்படிச் செய்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று மாற்றிவிடுவார்கள். முதலில் நோட்டீஸ், பிறகுதான் மற்றது. மலேசியாவில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்று சங்கம் இருக்கிறது. உறுப்பினராகுங்கள். தனியாகப் போனால் ஒரு தொழிலாளி, சங்கமாகப் போனால் ஒரு பலம். தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு, வயது. இந்த நாட்டில் 18 வயது நிரம்பாதவர் சட்டப்படி சிறார். அந்த வயதுப் பிள்ளையின் முன் ஒப்பந்தத்தை நீட்டினால் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்க வேண்டும். சிறாரோடு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போடுவதை ஃபிஃபா விதி ஏற்பதில்லை.

மூன்று, ஐரோப்பா. இதைக் கவனமாகக் கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றுவதை ஃபிஃபா விதியின் 19-வது பிரிவு பொதுவாகத் தடை செய்கிறது. சில விலக்குகள் உண்டு. 16 வயதில் மாறலாம் என்ற விலக்கு ஐரோப்பிய ஒன்றிய வட்டாரத்துக்குள் நடக்கும் மாற்றங்களுக்கானது. காஜாங் பையனுக்கு அது பொருந்தாது. ஆகவே "உங்கள் 15 வயது மகனுக்கு ஐரோப்பாவில் ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன், 20 ஆயிரம் வெள்ளி கட்டுங்கள்" என்று ஒருவர் வந்தால், பணத்தைக் கொடுக்காதீர்கள். அவரிடம் முகவர் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியலை ஃபிஃபா பொதுவில் வைத்திருக்கிறது. பெயர் அதில் இல்லையென்றால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆப்பிரிக்கக் குடும்பங்கள் இந்தப் பாடத்தைக் கண்ணீரில் படித்தன. நிலத்தை விற்று, நகையை விற்று, கடன் வாங்கிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். முகவர் பாரிசில் இறக்கிவிட்டு மறைந்துவிடுவார். அப்படித் தெருவில் நின்ற பிள்ளைகளுக்கு உதவ, ழான் குளோட் எம்புவோமின் என்ற முன்னாள் கமரூன் ஆட்டக்காரர் 2000-ல் ஒரு சங்கமே தொடங்க வேண்டியிருந்தது. ஒரு கேஷிக்கும் ஒரு மிக்கேலுக்கும் பின்னால் பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகள் நிற்கிறார்கள். விளம்பரத்தில் அவர்கள் படம் வராது.

நான்கு, சிறிய குழுக்கள் நடத்தும் அண்ணன்மார்களுக்கு. ஒரு ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு பணத்துக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 விழுக்காடு, அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த குழுக்களுக்குப் பங்கிடப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரை வளர்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மொத்தத் தொகையில் கால் விழுக்காடு. 1 கோடியே 60 லட்சம் பவுனில் அது 40 ஆயிரம் பவுன்! ஆனால் குழு முறைப்படி சங்கத்தோடு இணைந்திருக்க வேண்டும், பையன் உங்கள் குழுவில் பதிவாகியிருக்க வேண்டும். மாலையில் ஒரு விசிலை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், பதிவேடு இல்லை. உழைப்பு உங்களுடையது, பெயர் வேறு யாருக்கோ.

எல்லாவற்றுக்கும் முதல் காகிதம்

கடைசியாக, எல்லாக் காகிதத்துக்கும் தாய்க் காகிதம் ஒன்று இருக்கிறது. அதுதான் பிறப்புப் பத்திரமும் நீல அடையாள அட்டையும். மாவட்ட, மாநிலத் தேர்வு என்று போகும்போது முதலில் கேட்பது அதைத்தான். நாட்டுக்காக ஆடக் குடியுரிமை வேண்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்து, சிவப்பு அட்டையோடும் அட்டையே இல்லாமலும் நிற்கும் நம் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பந்து அவனிடம் அட்டை கேட்பதில்லை. தேர்வாளர் கேட்கிறார்.

2018-ல் காம்பியாவில் பிறந்த மொஹமாடு சுமாரே குடியுரிமை பெற்று மலேசியாவுக்கு ஆடினார். அவர் மீது நமக்குப் பொறாமை இல்லை, நன்றாக ஆடினார், வாழட்டும். 2025 செப்டம்பரில் வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டி பிறப்பு ஆவணங்கள் போலியானவை என்று ஃபிஃபா ஒழுங்குக் குழு முடிவு செய்தது. மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங் அபராதம், ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடை. அது நிர்வாகத் தவறு என்றது சங்கம். நவம்பரில் ஃபிஃபா மேல்முறையீட்டுக் குழுவும் தண்டனையை உறுதி செய்தது, பிறகு விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. யார் தவறு என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. கடல் தாண்டிப் பிறந்தவருக்குத் தாத்தாவின் காகிதத்தைத் தேடிப் போகும் நாட்டில், உண்மையாகவே தாத்தா பால்மரம் வெட்டிய மண்ணில் பிறந்த பிள்ளைக்கு ஏன் காகிதம் கிடைப்பதில்லை? இந்தக் கேள்வியை நாம் மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்க வேண்டும்.

கேள்வி கேட்பதோடு நிற்காதீர்கள். பெயரில் பிழை இருந்தால் இப்போதே திருத்த மனு செய்யுங்கள். தாமதப் பதிவு என்றால் பழைய மருத்துவமனைச் சீட்டு, பள்ளிப் பதிவு, தோட்டப் பதிவு, பக்கத்து வீட்டுப் பாட்டியின் சத்தியப் பிரமாணம் எல்லாவற்றையும் திரட்டுங்கள். பிள்ளைக்கு வயது ஏற ஏற வழி குறுகிக்கொண்டே போகும். 17 வயதில் தேர்வுக் கடிதத்தோடு ஓடி வராதீர்கள். 7 வயதில் வாருங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையை விளையாட விடுங்கள். ஐரோப்பாவைக் கனவு காண்பதும் தப்பில்லை. படிப்பையும் விடாதீர்கள். எஸ்பிஎம் சான்றிதழும் ஒரு காகிதம்தான், 33 வயதில் ஓய்வு பெறும்போது அது பேசும். தம்பி, யாராவது கார் நிறுத்துமிடத்தில் பேனாவை நீட்டினால், "அப்பாவிடம் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன், அண்ணே" என்று சொல். நல்ல குழு ஒரு நாள் காத்திருக்கும். காத்திருக்காத குழு உனக்கு வேண்டாம்.

அந்தக் காகிதத்தை இங்கே கொண்டுவாருங்கள். எத்தனை பக்கமானாலும் நாங்கள் படித்துச் சொல்கிறோம், கட்டணம் கிடையாது. கையெழுத்துப் போட்ட பிறகு அல்ல, போடுவதற்கு முன்பு.